சிற்றூருக்கு எவ்வளவு ஆட்சி? ஜெர்மன் ஊராட்சிகளின் பலமும் பற்றாக்குறையும்

டென்மார்க் எல்லைக்குச் சற்றுத் தெற்கே, வட கடலில் க்ரோடே என்றொரு தாழ்ந்த திட்டு இருக்கிறது. பெரும்புயல் அடித்தால் நிலம் முழுக்க நீருக்குள் போய்விடும். மண்ணைக் குவித்து மேடாக்கி, அதன்மேல் கட்டிய வீடுகள் மட்டும் தலை தூக்கி நிற்கும். அங்கே குடியிருப்பவர்கள் பத்துப் பேர் அளவில்தான். ஆனாலும் க்ரோடே ஒரு தனி ஊராட்சி. 70 பேர் வரை உள்ள ஊருக்குத் தேர்ந்தெடுத்த மன்றம் வேண்டியதில்லை, வாக்குரிமை உள்ள எல்லாரும் கூடினாலே அதுதான் மன்றம் என்கிறது ஷ்லெஸ்விக்-ஹோல்ஸ்டைன் மாநிலச் சட்டம்.

அதே நாட்டின் சாக்சன்-அன்ஹால்ட் மாநிலத்தில் கார்டெலேகன் என்ற சிறுநகரம் உள்ளது. மக்கள்தொகை ஏறத்தாழ 22,000. ஆனால் பரப்பு 630 சதுர கிலோமீட்டருக்கு மேல். பெர்லினுக்கும் ஹாம்பர்க்குக்கும் அடுத்தபடியாக நாட்டிலேயே பெரியது. முன்பு தனித்தனி ஊராட்சிகளாக இருந்த டஜன் கணக்கான கிராமங்களை ஒன்றன்பின் ஒன்றாக இணைத்ததால் வந்த பரப்பு இது.

பத்துப் பேருக்கு ஓர் ஊராட்சியும், பல டஜன் கிராமங்களுக்குச் சேர்த்து ஒரே ஊராட்சியும் ஒரே அரசியல் சட்டத்தின் கீழ் நடக்கின்றன. ஊராட்சிச் சட்டம் இயற்றுவது மாநிலங்களின் அதிகாரம் என்பதால் வந்த விசித்திரம் இது. 40 லட்சம் சொச்சம் மக்கள் வாழும் ரைன்லாந்து-ஃபால்ஸ் மாநிலத்தில் ஏறத்தாழ 2,300 ஊராட்சிகள் உள்ளன. 1.8 கோடி மக்கள் வாழும் வட ரைன்-வெஸ்ட்ஃபாலியாவில் 396 மட்டுமே. நாடு முழுவதும் 10,700-க்குச் சற்று மேல். ஒரு கிராமம் தன்னைத் தானே ஆள எவ்வளவு பெரிதாக இருக்க வேண்டும் என்ற கேள்விக்கு ஜெர்மனி அரை நூற்றாண்டாகப் பல விடைகளை ஒரே நேரத்தில் சோதித்துப் பார்த்திருக்கிறது. ஊராட்சிகளை நகராட்சிகளோடு இணைப்பது பற்றித் தமிழ்நாட்டில் சர்ச்சை நடக்கும் வேளையில், அந்தச் சோதனையின் முடிவுகள் நமக்கும் பயன்படும்.

கிராமத்துக்குத் தாமதமாக வந்த உரிமை

ஜெர்மன் உள்ளாட்சியின் கதையை 1808 நவம்பர் 19-இல் தொடங்குவது வழக்கம். நெப்போலியனிடம் தோற்று, நிலத்தில் பாதியை இழந்து, கஜானாவும் காலியாகிக் கிடந்த பிரஷ்யாவில், ஃபொம் ஷ்டைன் என்ற அமைச்சர் நகரங்களுக்குத் தன்னாட்சி வழங்கும் சட்டத்தைக் கொண்டுவந்தார். குடிமக்களைப் பொறுப்பில் அமர்த்தினால்தான் நாடு நிமிரும் என்பது அவர் கணக்கு. கிராமங்களுக்கு அந்தச் சட்டத்தில் இடமில்லை. எல்பே ஆற்றுக்குக் கிழக்கே பண்ணையார்கள் கையில்தான் ஊர் இருந்தது. பிரஷ்யாவின் ஏழு கிழக்கு மாகாணங்களுக்கான கிராம ஊராட்சிச் சட்டம் வர 1891 ஆயிற்று. பெரும்பண்ணைகள் தனி நிர்வாகப் பகுதிகளாக நீடித்த வழக்கம் ஒழிந்ததோ 1920-களின் இறுதியில்தான்.

கிடைத்த உரிமையும் நெடுநாள் நிற்கவில்லை. 1935 ஜனவரி 30-இல் நாஜி அரசு நாடு முழுமைக்கும் ஒரே உள்ளாட்சிச் சட்டத்தை இயற்றி, தேர்தலை ஒழித்து, தலைவர்களை மேலிருந்து நியமித்தது. போருக்குப் பின் கிழக்கு ஜெர்மனியில் ஊர் மன்றங்கள் பெயருக்கு இருந்தன; நடைமுறையில் அவை மைய அரசின் கடைசிப் படி. 1989 மே 7-இல் அங்கே நடந்த உள்ளாட்சித் தேர்தலில் அரசுப் பட்டியலுக்கு 98.85 விழுக்காடு ஆதரவு என்று அறிவித்தார்கள். வாக்கு எண்ணும் இடங்களில் நின்று தாங்களே எண்ணிப் பார்த்த குடிமக்கள் மோசடியை அம்பலப்படுத்தினார்கள். அந்த இலையுதிர் காலத்தில் ஆட்சியைக் கவிழ்த்த எதிர்ப்புக்கு இது ஒரு தொடக்கப் பொறி. ஊராட்சித் தேர்தல்தானே என்று எவரும் அலட்சியமாக எண்ண முடியாதபடி வரலாறு பாடம் சொல்லிவிட்டது.

மேற்கில் 1949-இல் வந்த அரசியல் சட்டத்தின் 28-ஆம் பிரிவு, உள்ளூர்ச் சமூகத்தின் எல்லா விவகாரங்களையும் சட்டத்துக்கு உட்பட்டுத் தம் பொறுப்பில் நடத்தும் உரிமையை ஊராட்சிகளுக்கு உறுதி செய்கிறது. இன்னின்ன துறைகள் என்று பட்டியல் போட்டுக் கொடுக்கவில்லை. உள்ளூர் விவகாரம் எதுவானாலும், சட்டம் வேறொருவரிடம் ஒப்படைக்காதவரை அது ஊராட்சியின் வேலை. 1988 நவம்பர் 23-இல், லோயர் சாக்சனியின் ராஸ்டேடே ஊராட்சி தொடுத்த குப்பை அகற்றும் பணி பற்றிய வழக்கில், கூட்டாட்சி அரசியல் சட்ட நீதிமன்றம் இதை இன்னும் தெளிவாக்கியது. நிர்வாகம் எளிதாகும், பொறுப்பு ஓரிடத்தில் சேரும் என்ற காரணங்களுக்காக மட்டும் ஊராட்சியின் வேலையை மாவட்டத்துக்கு மாற்ற முடியாது என்றது.

இந்தக் காப்புக்கு ஓர் எல்லையும் உண்டு. ஊராட்சி என்ற அமைப்புக்குத்தான் அரசியல் சட்டம் காவல் நிற்கிறது. இந்த ஊராட்சி, அந்த ஊராட்சி என்று தனித்தனி ஊருக்கு உத்தரவாதம் கிடையாது. பொதுநலன் கருதி, ஊராரின் கருத்தைக் கேட்டபின், மாநிலச் சட்டமன்றம் ஓர் ஊராட்சியைக் கலைத்து இன்னொன்றோடு சேர்க்கலாம். பின்னால் வந்த சண்டைகள் பலவற்றுக்கும் விதை இங்கே இருக்கிறது.

ஊர் முடிவெடுக்கும், அலுவலகம் எழுதும்

ஐந்நூறு பேர் வாழும் கிராமம் கட்டட வரைபடம் பார்க்க ஒரு பொறியாளரையும், சம்பளப் பட்டியல் போட ஒரு கணக்கரையும் வைத்துக்கொள்ள முடியாது. கிராமங்களை இணைத்துவிடு என்று சொல்பவர்களின் முதல் வாதம் இதுதான். அதற்கு ரைன்லாந்து-ஃபால்ஸ் மாநிலம் 1960-களின் இறுதியில் கண்ட மாற்று வழி, ஊரையும் அலுவலகத்தையும் பிரிப்பது. கிராமங்கள் தனி ஊராட்சிகளாகவே இருக்கும். பத்து, இருபது கிராமங்களுக்குச் சேர்த்து ‘ஃபெர்பாண்ட்ஸ்கெமைண்டே’ என்ற ஊராட்சிக் கூட்டு ஒன்று இருக்கும். அதற்கும் தேர்ந்தெடுத்த மன்றம் உண்டு. முழுநேரச் சம்பளம் வாங்கும் தலைவரும் அலுவலர்களும் உண்டு.

நம் ஊராட்சி ஒன்றியத்தை நினைவூட்டும் அமைப்புதான். ஆனால் வேலைப் பங்கீடு வேறு. தொடக்கப் பள்ளி, தீயணைப்பு, குடிநீர், கழிவுநீர் ஆகியவை கூட்டின் பொறுப்பு. ஊருக்குள் எந்த நிலத்தில் வீடு கட்டலாம், எத்தனை மாடி, கூரை எப்படி என்று தீர்மானிக்கும் கட்டுமானத் திட்டம், ஊர்த் தெருக்கள், இடுகாடு, சமூகக் கூடம், விளையாட்டுத் திடல், ஊர்க் காடு ஆகியவை கிராமத்தின் பொறுப்பு. இவற்றுக்கான கடிதமும் கணக்கும் டெண்டரும் கூட்டின் அலுவலகத்தில்தான் தயாராகும். அப்போது அந்த அலுவலகம் ஊரின் பெயரில், ஊர் மன்றத்தின் தீர்மானத்துக்குக் கட்டுப்பட்டு வேலை செய்கிறது. அலுவலர் ஆலோசனை சொல்லலாம், சட்டச் சிக்கலைச் சுட்டலாம். கடைசிச் சொல் ஊருடையது. ஷ்லெஸ்விக்-ஹோல்ஸ்டைனில் ‘அம்ட்’, லோயர் சாக்சனியில் ‘சம்ட்கெமைண்டே’, பவேரியாவில் ‘ஃபெர்வால்டுங்ஸ்கெமைன்ஷாஃப்ட்’ என்று வெவ்வேறு பெயர்களில் இதே யோசனை நடைமுறையில் இருக்கிறது.

காட்டைத் தனியாகச் சொல்ல வேண்டும். ரைன்லாந்து-ஃபால்ஸ் மாநிலக் காடுகளில் பாதியை நெருங்கும் பங்கு ஊராட்சிகளின் சொத்து. தலைமுறைகளாக மரம் விற்ற காசில்தான் பல ஊர்கள் தெருவும் கூடமும் கட்டிக்கொண்டன. 2018-இல் தொடங்கிய தொடர் வறட்சியும் பட்டை வண்டும் ஸ்ப்ரூஸ் மரங்களை அழித்தபோது, அந்த ஊர்களின் வருமானமும் சேர்ந்தே பட்டுப்போனது.

மேசையில் உட்காரும் ஆறு பேர்

ரைன்லாந்து-ஃபால்ஸ் மாநிலத்தில் 300 பேர் வரை உள்ள ஊருக்கு ஆறு மன்ற உறுப்பினர்கள். 500 வரை எட்டு. 1,000 வரை பன்னிரண்டு. ஐந்தாண்டுக்கு ஒருமுறை தேர்தல். கடைசியாக 2024 ஜூன் 9-இல் ஐரோப்பிய நாடாளுமன்றத் தேர்தலோடு நடந்தது. ஊராட்சித் தலைவரை 1990-களிலிருந்து மக்களே நேரடியாகத் தேர்ந்தெடுக்கிறார்கள். தலைவர் பதவிக்குச் சம்பளம் கிடையாது. செலவுக்கான ஒரு மதிப்பூதியம் மட்டும். தலைவர் பகலில் ஆசிரியராகவோ விவசாயியாகவோ வேலை பார்த்துவிட்டு மாலையில் ஊர் வேலை பார்ப்பார்.

சின்ன ஊர்களில் கட்சிக்கு அதிக வேலையில்லை. ஒரே ஒரு வேட்பாளர் பட்டியல் வந்தாலோ, பட்டியலே வராவிட்டாலோ, வாக்காளர்கள் தகுதியான எவருடைய பெயரையும் வாக்குச் சீட்டில் தாங்களே எழுதலாம். அதனால் போட்டியிடாத ஒருவர் மறுநாள் காலையில் தான் மன்ற உறுப்பினர் என்று தெரிந்துகொள்வதும் நடக்கிறது. பேடன்-வூர்ட்டம்பெர்க்கில் வாக்காளர் தன்னிடம் உள்ள வாக்குகளை ஒரே வேட்பாளருக்கு மூன்று வரை குவிக்கலாம். வெவ்வேறு பட்டியல்களிலிருந்து ஆட்களைப் பொறுக்கியும் போடலாம். கட்சித் தலைமை போட்ட வரிசையை ஊரார் கலைத்துப் போடுவதற்கு இது வழி செய்கிறது.

மன்றக் கூட்டம் பெரும்பாலும் சமூகக் கூடத்தில், இரவு உணவு நேரத்தை ஒட்டி நடக்கும். நிகழ்ச்சி நிரல் முன்கூட்டியே உள்ளூர் அறிவிப்பிதழில் வெளியாகிவிடும். கூட்டம் பொதுமக்களுக்குத் திறந்தது. நில விற்பனை, ஊழியர் விவகாரம் போன்றவை மட்டும் மூடிய கதவுக்குள். ஊரார் எழுந்து கேள்வி கேட்கத் தனி நேரம் ஒதுக்கும் வழக்கமும் உண்டு.

இந்தக் கூட்டங்களில் கவனிக்கத்தக்க ஒரு விதி இருக்கிறது. ஊரின் ஓரத்தில் புதிய மனைப்பிரிவு வருகிறது என்று வைத்துக்கொள்வோம். அந்த நிலத்தில் ஒரு துண்டு மன்ற உறுப்பினர் ஒருவருக்கோ, அவர் மனைவிக்கோ, அவர் அண்ணனுக்கோ சொந்தம். அந்தப் பொருள் வந்தவுடன் அவர் மேசையை விட்டு எழுந்து பார்வையாளர் வரிசைக்குப் போய்விட வேண்டும். பேசக் கூடாது, வாக்களிக்கக் கூடாது. விலக வேண்டியவர் விலகாமல் கையைத் தூக்கிவிட்டால் தீர்மானத்தின் செல்லுபடியே கேள்விக்கு உள்ளாகும். எல்லாரும் எல்லாருக்கும் உறவு என்ற நிலையில் உள்ள ஊரில், சில இரவுகளில் மன்றத்தின் பாதிப் பேர் பார்வையாளர் நாற்காலியில் உட்கார்ந்திருப்பார்கள். சிற்றூரில் ஆட்சியைக் கொடுத்தால் சொந்தக்காரர்கள் சுருட்டிக்கொள்வார்கள் என்ற அச்சத்துக்குச் சட்டம் தரும் பதில் இது. ஊரை நம்பாமல் அதிகாரத்தை மேலே எடுத்துக்கொண்டு போகவில்லை. உறவுக்காரரை மட்டும் மேசையிலிருந்து எழுப்பிவிடுகிறது.

வரியும் படியும்

உரிமை இருக்கிறது, அலுவலகம் இருக்கிறது. காசு? இங்கேதான் கதை சிக்கலாகிறது.

ஊராட்சியின் சொந்த வருமானம் இரண்டு பெரிய வரிகளிலிருந்து வருகிறது: நிலமும் வீடும் வைத்திருப்போர் கட்டும் சொத்து வரி, தொழில் நடத்துவோர் கட்டும் தொழில் வரி. அடிப்படை அளவைச் சட்டம் நிர்ணயிக்கிறது. அதை எத்தனை விழுக்காட்டால் பெருக்குவது என்பதை ஊர் மன்றம் தீர்மானிக்கிறது. ஒரு வீட்டுக்கு அடிப்படை அளவு 100 யூரோ, ஊர் வைத்த விகிதம் 400 விழுக்காடு என்றால், வரி 400 யூரோ. இதோடு, ஊரில் வசிப்போர் கட்டும் வருமான வரியில் 15 விழுக்காடும், விற்பனை வரியில் ஒரு சிறு பங்கும் ஊராட்சிகளுக்கு வருகின்றன. போதாததற்கு மாநிலம் மானியம் தருகிறது.

விகிதத்தைத் தானே வைக்கும் உரிமை எவ்வளவு தூரம் போகலாம் என்பதற்கு நோர்டர்ஃப்ரீட்ரிக்ஸ்கோக் என்ற ஊர் எடுத்துக்காட்டு. நாற்பது பேர் அளவில் வாழும் இந்த வட கடலோரக் கிராமம் தொழில் வரியே வாங்கவில்லை. விளைவு, பெரும் நிறுவனங்களின் துணைநிறுவனங்கள் நூற்றுக்கணக்கில் அங்கே முகவரி வாங்கின. விவசாயிகளின் வீட்டு அறைகள் அலுவலகங்கள் ஆயின. 2004 முதல் எந்த ஊராட்சியும் தொழில் வரியை 200 விழுக்காட்டுக்குக் கீழே வைக்கக் கூடாது என்று நாடாளுமன்றம் சட்டம் போட்ட பிறகுதான் அந்த வேடிக்கை முடிந்தது.

பெரும்பாலான கிராமங்களின் சிக்கல் இதற்கு நேர்மாறானது. வரும் காசு கையில் நிற்பதில்லை. மாவட்டமும் ஊராட்சிக் கூட்டும் தங்களுக்கென்று பெரிய வரி வருவாய் இல்லாதவை. கிராமங்களின் வரித்திறனில் ஒரு பங்கைப் படியாக வாங்கியே நடக்கின்றன. இரண்டும் எடுத்தது போக, பல ஊர்களுக்குப் பாதிகூட மிஞ்சுவதில்லை. மானியக் கணக்கில் இன்னொரு சூட்சுமம் உண்டு. ஒவ்வோர் ஊரும் மாநிலம் வகுத்த சராசரி விகிதத்தில் வரி வாங்குவதாகவே வைத்துக்கொண்டு கணக்குப் போடுகிறார்கள். மக்கள்மீது இரக்கப்பட்டு ஓர் ஊர் குறைவாக வாங்கினால், வாங்காத காசுக்கும் சேர்த்து அது மாவட்டத்துக்குப் படி அளக்க வேண்டும். விகிதம் வைக்கும் சுதந்திரம் தாளில் அப்படியே இருக்கிறது, பயன்படுத்தினால் நஷ்டம்.

தெற்கு ஃபால்ஸ் பகுதியில் உள்ள ஃப்ரைஸ்பாக் என்ற கிராமம் இதை நாடறியச் செய்தது. ஊராட்சிகளுக்கு மாநிலம் தரும் பங்கு போதாது, அது அரசியல் சட்டத்துக்கு முரண் என்று 2020 டிசம்பரில் ரைன்லாந்து-ஃபால்ஸ் அரசியல் சட்ட நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2023-இல் புதிய நிதிப் பங்கீட்டுச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. அதோடு, இனிப் பற்றாக்குறை வரவுசெலவுத் திட்டத்தை ஏற்க மாட்டோம், வரியைக் கூட்டு, செலவைக் குறை என்று கண்காணிப்பு அதிகாரிகள் கண்டிப்புக் காட்டினார்கள். ஏறத்தாழ ஆயிரம் பேர் வாழும் ஃப்ரைஸ்பாக்கில் தலைவரும் மன்ற உறுப்பினர்களும் அதே ஆண்டில் ஒட்டுமொத்தமாகப் பதவி விலகினார்கள். முடிவெடுக்க எதுவும் மிச்சமில்லாத மேசையில் எதற்கு உட்கார வேண்டும் என்பது அவர்கள் வாதம். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க வேண்டுமே என்பார்கள். அரசியல் சட்டம் கொடுத்த வரம் வரவுசெலவுப் பக்கத்தில் வந்து சிக்கிக்கொண்டது.

ஃப்ரைஸ்பாக் தனிக்கதை அல்ல. குழந்தைக்கு ஒரு வயதானதும் பராமரிப்பு நிலையத்தில் இடம் கேட்கும் சட்ட உரிமை 2013 ஆகஸ்டிலிருந்து நாடு முழுவதும் உண்டு. சட்டம் போட்டது பெர்லின். கட்டடம் கட்டி ஆள் வைப்பதில் பெரும் சுமை மாவட்டங்களின்மீதும் ஊராட்சிகளின்மீதும் விழுந்தது. 2024-இல் ஜெர்மன் உள்ளாட்சிகளின் மொத்தப் பற்றாக்குறை ஏறத்தாழ 2,500 கோடி யூரோ; இரு ஜெர்மனிகளும் இணைந்த பிறகு அதுவரை கண்டதில் அதுவே ஆக அதிகம்.

இணைப்பு எனும் மருந்து

பணம் போதவில்லை, ஆள் போதவில்லை என்றால் அதிகாரிகள் எழுதித் தரும் மருந்து, இணைப்பு. 1960-களின் இறுதியில் மேற்கு ஜெர்மனியில் 24,000-க்கு மேற்பட்ட ஊராட்சிகள் இருந்தன. பத்தாண்டுகளில் அவை ஏறத்தாழ 8,500 ஆகச் சுருங்கின. கிழக்கில் 1990-க்குப் பிறகு அதே வேலை தொடங்கியது. சாக்சன்-அன்ஹால்ட் ஆயிரத்துக்கு மேற்பட்டவற்றை 2011-க்குள் இருநூற்றுச் சொச்சமாக்கியது.

பவேரியாவின் வடக்கு மூலையில் உள்ள எர்மெர்ஸ்ஹவுசன் இந்த அலையை எதிர்த்து நின்ற ஊர். பக்கத்து மாரோல்ட்ஸ்வைசாக்கோடு சேரச் சொன்னது மாநில அரசு. ஊரார் ஊராட்சி அலுவலகத்தைச் சுற்றித் தடுப்புப் போட்டு இரவும் பகலும் காவல் காத்தார்கள். 1978 மே 19 விடியற்காலையில் நூற்றுக்கணக்கான போலீசார் வந்து தடுப்பை உடைத்து, அலுவலகக் கோப்புகளை அள்ளிக்கொண்டு போனார்கள். கைவிட்டது கோப்புகளைத்தான், கோரிக்கையை அல்ல. பதினைந்தாண்டு விடாப்பிடிக்குப் பின், 1994 ஜனவரி 1-இல் எர்மெர்ஸ்ஹவுசன் மீண்டும் தனி ஊராட்சி ஆனது. ஹெசன் மாநிலத்தில் கீசன், வெட்ஸ்லார் என்ற இரு நகரங்களையும் சுற்றியுள்ள ஊர்களையும் சேர்த்து 1977-இல் உருவாக்கிய ‘லான்’ என்ற நகரமோ மூன்றாண்டு தாங்காமல் 1979-இல் கலைந்தது.

இணைத்ததால் காசு மிச்சமானதா? ஆய்வுகள் ஒரே குரலில் பேசவில்லை. பிராண்டன்பர்க் மாநில இணைப்புகளை ஆராய்ந்த ப்ளெஸ்ஸே, பாஸ்கரன் இருவரும், கட்டாயமாக இணைத்த இடங்களில் நிர்வாகச் செலவு குறைந்ததையும், தாமாக இணைந்த இடங்களில் அப்படிக் குறையாததையும் 2016-இல் காட்டினார்கள். சாக்சனியில் மாவட்டங்களை இணைத்ததை ஆராய்ந்த ஃபெலிக்ஸ் ரோசல், செலவில் சேமிப்பு எதையும் காணவில்லை. இணைப்புகள் பற்றிய பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, வாக்களிக்க வருவோரின் எண்ணிக்கை குறையும் போக்கும் தென்பட்டது. அலுவலகச் செலவில் கொஞ்சம் மிச்சம் பிடிக்கலாம்; அதற்கு விலையாக ஊர்ப் பொறுப்பில் உள்ள ஆட்கள் குறைகிறார்கள் என்பதுதான் இவற்றிலிருந்து கிடைக்கும் நியாயமான முடிவு. நூறு கிராமங்களில் எண்ணூறு மன்ற உறுப்பினர்கள் இருந்த இடத்தில் முப்பது பேர் மிஞ்சினால், தெருவிளக்கு எரியாததை யாரிடம் சொல்வது என்பது கிராமத்தானுக்குப் புதிராகிவிடுகிறது.

இணைந்த கிராமங்களுக்கு ஆறுதலாக ஊர்ப்பகுதிக் குழு, ஊர்ப்பகுதித் தலைவர் என்ற பதவிகளை வைத்தார்கள். கருத்துச் சொல்லலாம், பணம் பெரும்பாலும் மையத்தில். அதிகாரமில்லாத நாற்காலிக்கு ஆள் கிடைப்பதில்லை என்பதை ஹெசனில் ஆல்டென்ஷ்டாட் ஊராட்சியின் வால்ட்சீட்லுங் பகுதி காட்டியது. 2019 செப்டம்பரில் அங்கே பெரிய கட்சிகளின் உறுப்பினர்கள் ஒருமனதாகத் தேர்ந்தெடுத்த தலைவர், தீவிர வலதுசாரிக் கட்சியான என்.பி.டி.யைச் சேர்ந்தவர். வேறு எவரும் முன்வரவில்லை, இவருக்குக் கணினி தெரியும் என்று காரணம் சொன்னார்கள். நாடே அதிர்ந்த பிறகு அக்டோபரில் அவரை நீக்கினார்கள்.

காலி நாற்காலி

முழு அதிகாரம் உள்ள ஊராட்சிகளிலும் ஆள் தட்டுப்பாடு இல்லாமலில்லை. ரைன்லாந்து-ஃபால்சில் ஒவ்வொரு தேர்தலிலும் நூற்றுக்கணக்கான ஊர்களில் தலைவர் பதவிக்கு ஒருவரும் மனுப் போடுவதில்லை. பிறகு மன்றமே யாரையாவது பிடித்து ஒப்புக்கொள்ள வைக்க வேண்டியிருக்கிறது. இளைஞர்கள் வேலைக்காக நகரம் போகிறார்கள். விதிகளும் படிவங்களும் ஆண்டுதோறும் தடிக்கின்றன. இணையத்தில் வசவும் வீட்டு வாசலில் மிரட்டலும் சேர்ந்துகொண்டன. சாக்சன்-அன்ஹால்டின் ட்ரோக்லிட்சில் அகதிகளை வரவேற்ற ஊர்த்தலைவர் மார்க்குஸ் நீயர்ட், தன் வீட்டு முன்னே என்.பி.டி. ஊர்வலம் நடத்த இருந்ததைத் தடுப்பார் இல்லாமல் 2015 மார்ச்சில் பதவி விலகினார். அடுத்த மாதம் அகதிகளுக்காக ஒதுக்கிய கட்டடம் தீக்கிரையானது.

பெண்கள் விஷயத்தில் ஜெர்மனி நம்மிடம் கற்க வேண்டும். தமிழ்நாட்டு உள்ளாட்சிகளில் பாதி இடம் பெண்களுக்கு. அங்கே ஊராட்சித் தலைவர்களில் பெண்கள் பத்தில் ஒருவரை ஒட்டியே இருக்கிறார்கள். ஒதுக்கீடு என்ற ஏற்பாடே கிடையாது.

மறுபக்கமும் உண்டு. பேடன்-வூர்ட்டம்பெர்க்கில் 2,500 பேர் வாழும் ஓஸ்டெல்ஸ்ஹைம், 2023 ஏப்ரலில் ரையான் அல்ஷெப்லைத் தலைவராகத் தேர்ந்தெடுத்தது. 2015-இல் சிரியாவிலிருந்து அகதியாக வந்தவர். பக்கத்து ஊராட்சி அலுவலகத்தில் வேலை பார்த்துத் தொழிலைக் கற்றவர். ஜெர்மன் குடியுரிமை பெற்றவர். கட்சிச் சார்பின்றி நின்று பாதிக்கு மேற்பட்ட வாக்குகளைப் பெற்றார்.

குடியுரிமை என்ற சொல்லை ஜெர்மனியில் வாழும் ஈழத்தமிழர்கள் நன்கு அறிவார்கள். 1980-களில் வந்து இறங்கிய பலர், வரி கட்டி, பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பி, ஹம் நகரின் ஊன்ட்ரோப்பில் 2002-இல் காமாட்சி அம்மன் கோயிலையும் எழுப்பினார்கள். ஆனால் குடியுரிமை வாங்கும்வரை தங்கள் ஊரின் மன்றத்துக்கு வாக்களிக்க முடியாது. சில நாட்டு மக்களுக்கு உள்ளாட்சி வாக்கு தர ஷ்லெஸ்விக்-ஹோல்ஸ்டைன் கொண்டுவந்த சட்டத்தை, 1990 அக்டோபர் 31-இல் அரசியல் சட்ட நீதிமன்றம் ரத்து செய்தது. பின்னர் அரசியல் சட்டத்தைத் திருத்தி ஐரோப்பிய ஒன்றிய நாட்டவர்க்கு மட்டும் அந்த உரிமையைக் கொடுத்தார்கள். நேற்று வந்த போர்த்துக்கீசியர் ஊர்த் தேர்தலில் வாக்களிக்கலாம்; முப்பதாண்டாக இருக்கும் இலங்கைக் கடவுச்சீட்டுக்காரர் முடியாது. ஊரில் குடியிருப்பவர்களே ஊரை ஆள்கிறார்கள் என்ற பெருமையில் இது ஒரு பெரிய ஓட்டை.

காற்று கொண்டுவந்த காசு

நிதியும் ஆட்களும் ஒருசேர மீண்ட இடங்களையும் பார்க்க வேண்டும். ரைன்லாந்து-ஃபால்சின் ஹுன்ஸ்ருக் மலைப்பகுதி, வேலை தேடி இளைஞர்கள் வெளியேறிய பீடபூமி. ரைன்-ஹுன்ஸ்ருக் மாவட்டத்துக் கிராமங்கள் தங்கள் ஊர்க் காட்டில் காற்றாலைக்கு இடம் குத்தகைக்கு விட்டன. நிலம் ஊராட்சியின் சொத்து என்பதால் குத்தகைப் பணம் நேராக ஊர்க் கணக்கில் விழுந்தது. அதைக் கொண்டு கூடத்தைப் புதுப்பித்த ஊர்களும், பழைய மின்கருவிகளை மாற்ற வீட்டுக்காரர்களுக்கு மானியம் கொடுத்த ஊர்களும், சூரிய வெப்பமும் மரச்சீவலும் கொண்டு ஊர் முழுக்கச் சூடேற்றும் குழாய் பதித்த நொய்யர்கிர்ஷ், க்யூல்ஸ் போன்ற ஊர்களும் அங்கே உண்டு. காற்றாலை அமையாத பக்கத்து ஊர்களுக்கும் ஒரு பங்கு கொடுக்கச் சில இடங்களில் ஒப்பந்தம் செய்துகொண்டார்கள். இல்லாவிட்டால் ஓர் ஊருக்குப் பணமும் அடுத்த ஊருக்கு இரைச்சலும் மட்டும் மிஞ்சியிருக்கும்.

சொந்த நிலம் இல்லாத ஊருக்கும் இப்போது வழி உண்டு. காற்றாலை நடத்துபவர், உற்பத்தியாகும் ஒரு யூனிட்டுக்கு 0.2 சென்ட் வரை, 2.5 கிலோமீட்டர் ஆரத்துக்குள் உள்ள ஊராட்சிகளுக்குக் கொடுக்க மத்திய எரிசக்திச் சட்டம் அனுமதிக்கிறது. ஆண்டுக்கு ஒரு கோடி யூனிட் தரும் ஒரு காற்றாலையிலிருந்து 20,000 யூரோ. முந்நூறு பேர் வாழும் ஊருக்கு அது சின்னத் தொகை அல்ல. லோயர் சாக்சனியின் யூன்டே 2005-இலேயே சாண எரிவாயுவும் மரச்சீவலும் கொண்டு தன் தேவையைத் தானே ஈடுசெய்யத் தொடங்கியது. பவேரியாவின் வில்ட்போல்ட்ஸ்ரீட், தன் தேவையைப் போலப் பல மடங்கு மின்சாரம் தயாரிக்கிறது. பணம் வந்த இந்த ஊர்களில் மன்றக் கூட்டத்துக்குப் பேச ஏதோ ஒன்று இருக்கிறது. வருவதற்கு ஆளும் இருக்கிறது.

அளவா, கையிருப்பா?

இவ்வளவையும் சேர்த்துப் பார்த்தால், ஊர் எவ்வளவு பெரிதாக இருக்க வேண்டும் என்பது தவறான இடத்தில் தொடங்கும் கேள்வி என்று தோன்றுகிறது. எழுத்து வேலையைப் பகிர்ந்துகொள்ளக் கூட்டு அலுவலகம் இருந்தால் முந்நூறு பேர் ஊரும் தன் நிலத்தையும் தெருவையும் தானே நிர்வகிக்கிறது. கூட்டு அலுவலகம் இருந்தும், காசு முழுக்க மேலே போய்விட்டால் ஆயிரம் பேர் ஊரும் ராஜினாமா செய்கிறது. இணைத்துப் பெரிதாக்கிய இடத்தில் அதிகாரமில்லாத நாற்காலிக்கு யார் கிடைத்தாலும் சரி என்ற நிலை வருகிறது. ஊர் வாழ்வதற்கு வேண்டியவை மூன்று: தானே தீர்மானிக்கும் விவகாரம், தானே செலவிடும் பணம், தன் சொல்லுக்குக் கட்டுப்பட்ட அலுவலர். ஜெர்மன் அரசியல் சட்டம் முதலாவதைக் காப்பாற்றுகிறது. மூன்றாவதற்குச் சில மாநிலங்கள் நல்ல விடை கண்டிருக்கின்றன. இரண்டாவது ஆண்டுக்காண்டு கரைகிறது.

தமிழ்நாட்டுக் கணக்கு வேறு வரிசையில் வருகிறது. 73-ஆம் திருத்தம் 1993-இல் நடைமுறைக்கு வந்து, 1994-இல் மாநிலச் சட்டமும் வந்தது. ஊரில் வாக்குரிமை உள்ள அத்தனை பேரும் கூடும் கிராம சபை ஜெர்மனியின் பெரும்பாலான ஊர்களுக்குக் கிடையாது. க்ரோடே மாதிரி மிகச் சிறிய ஊர்களுக்குத்தான் அந்தப் பேறு. பவேரியாவில் ஆண்டுக்கு ஒருமுறையாவது குடிமக்கள் கூட்டம் நடத்த வேண்டும் என்ற விதி உண்டு. நம் கிராம சபை ஆண்டுக்குப் பலமுறை கூடுகிறது. ஆனால் 2016 அக்டோபர் முதல் 2019 டிசம்பர் வரை தேர்ந்தெடுத்த பிரதிநிதிகளே இல்லாமல் நம் ஊராட்சிகள் நடந்தன. 2025 ஜனவரியில் பெரும்பாலான மாவட்டங்களில் பதவிக்காலம் முடிந்ததும் மறுபடி தனி அலுவலர்கள் வந்து அமர்ந்தார்கள். இலங்கையில் 2023 மார்ச்சில் நடக்க வேண்டிய உள்ளூராட்சித் தேர்தல் 2025 மே 6-இல்தான் நடந்தது. ஜெர்மனியில் ஊர்த் தேர்தல் தேதியை யாரும் நினைத்தபடி தள்ளிப்போட முடியாது.

தமிழ்நாட்டில் நகர ஓரத்து ஊராட்சிகளை மாநகராட்சிகளோடு இணைக்கும் அறிவிப்பு வந்ததும், நூறு நாள் வேலை போய்விடும், வரி கூடிவிடும் என்று ஊரார் தெருவுக்கு வந்தார்கள். அவர்கள் அச்சத்தை எளிதாக ஒதுக்கிவிட முடியாது. நகரம் வளர்ந்து ஊரை விழுங்கிய இடங்களில் இணைப்பு தவிர்க்க முடியாதது என்பதும் உண்மைதான். நடுவில் ஒரு வழி இருக்கிறது: வரைபடம் பார்க்கவும் டெண்டர் விடவும் கணக்கு எழுதவும் பல ஊராட்சிகளுக்குச் சேர்த்து ஓர் அலுவலகம், எதைக் கட்டுவது, எங்கே கட்டுவது என்ற தீர்மானம் ஊரிடம், அந்த அலுவலகத்தின் மேலதிகாரி ஊர் மன்றம். வட்டார வளர்ச்சி அலுவலரின் கையெழுத்துக்காக ஊராட்சித் தலைவர் காத்திருக்கும் நம் ஏற்பாட்டைத் தலைகீழாகத் திருப்பினால் கிடைப்பது அது. ரைன்லாந்து-ஃபால்ஸ் அதை அரை நூற்றாண்டாக நடத்திக் காட்டியிருக்கிறது. அந்த மாநிலத்தின் தவறும் கண்முன்னே இருக்கிறது: ஊருக்கு உரிமையைக் கொடுத்துவிட்டு வரவில் பெரும்பங்கை மேலே எடுத்துக்கொண்டால், முதலில் காலியாவது ஊராட்சித் தலைவரின் நாற்காலி. தமிழ்நாட்டில் எந்த ஊராட்சியை எதோடு சேர்ப்பது என்று வரைபடம் போடுவதற்கு முன், ஒவ்வோர் ஊராட்சிக்கும் யாரையும் கேட்காமல் செலவிடும் பணம் எவ்வளவு இருக்கிறது என்று கணக்கெடுப்பதே முதல் வேலை.